காருக்கு ஊற்றிய மருந்து

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். கார் வாங்கிய புதிதில் ஆசையாகப் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். எல் போர்டு மாட்டிய வண்டியைக் கொண்டுபோய் லஸ் முனையில் ஒரு இளநீர் வண்டியில் இடித்தார். பெரிய இடி ஒன்றும் இல்லை, நாலைந்து காய் உருண்டது, அவ்வளவுதான். இறங்கி இளநீர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, வண்டியில் இருந்த காயில் பாதியை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார். அன்றோடு அந்த ஆசை முடிந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பதில் இளநீர்தான்.

ஆகவே வீட்டுக் கார் என்பது என் கார். நான் சாந்தோமில் ஒரு பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு மந்தைவெளி. இந்தத் தூரத்துக்குக் கார் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு கட்டு விடைத்தாளையும் உலக உருண்டையையும் தூக்கிக்கொண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்து காட்டட்டும், பிறகு பேசலாம். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு எனக்காக நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயம் கார் ஓட்டுவதுதான். மற்றதெல்லாம் யாரோ சொல்லி, யாருக்காகவோ கற்றுக்கொண்டவை. பட்டினப்பாக்கத்தில் மீன்காரம்மாவிடம் பேரம் பேசிவிட்டு, டிக்கியில் மீனைப் போட்டுக்கொண்டு, கடற்காற்றுக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு நானே ஓட்டிக்கொண்டு வருவேனே, அந்தச் சுகத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

அவருக்குத் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை. பட்டுப் பிரிவு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்பே வந்தவர், வாழ்க்கையில் பாதிக்கு மேல் அந்த வெள்ளை விரிப்பின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தே கழித்துவிட்டார். அந்தத் தொழில் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். எதிரில் ஒரு குடும்பமே உட்கார்ந்து புடவை புடவையாகப் பிரிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் "எதுவும் மனசுக்குப் பிடிக்கலையே" என்று எழுந்து போனாலும் முகம் மாறக் கூடாது. அவர்கள் படியிறங்கும்வரை பிரித்த புடவையை மடிக்கவும் கூடாது, அவமானப்படுத்துவதுபோல ஆகிவிடுமாம். அந்த முகம் அவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் கத்தினாலும் அதே முகம். என் அப்பா செத்துப்போன அன்றும் அதே முகம்.

கையும் அப்படித்தான். ரவிக்கைத் துணி வெட்டும்போது கேட்ட அளவுக்கு மேல் நாலு விரல் விட்டுத்தான் கத்திரி வைப்பார். முதலாளிக்கும் தெரியும், ஒன்றும் சொல்ல மாட்டார், அதற்காகவே இவரைத் தேடி வரும் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டிலும் இவர் கையால் எதுவும் அளவோடு விழாது. காப்பிக்குச் சர்க்கரை, செடிக்குத் தண்ணீர், துணிக்குச் சோப்புத் தூள், எல்லாம் அந்த நாலு விரல் கூடுதலோடுதான்.

இப்படிப்பட்ட மனிதரோடு சந்தோஷமாகத்தான் இருந்தேன். சண்டை போட ஆள் வேண்டும் எனக்கு. அவர் சண்டைக்கு வர மாட்டார். அது ஒன்றுதான் குறை.

பிறகு என் இடது மார்பில் கட்டி வந்தது. அடையாறில் ஒரு மருத்துவமனையில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்று சொன்னார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண், என்னிடம் படித்த பிள்ளைகளைப் போல இருந்தாள். படம் வரைந்து விளக்கினாள். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், காதில் எதுவும் ஏறவில்லை. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து வாசலில் நின்றோம். உலகத்தில் யாரும் எதையும் நிறுத்திவைக்கவில்லை, பஸ் போனது, ஒருவர் கரும்புச் சாறு பிழிந்துகொண்டிருந்தார். இவர் என் பக்கம் திரும்பி, "மதியத்துக்கு என்ன வாங்கட்டும்? தயிர்சாதம் போதுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் மன்னிக்கவில்லை. பெண்டாட்டிக்கு இந்த வியாதி என்று கேட்ட நிமிஷத்தில் ஒரு மனிதன் கலங்க வேண்டாமா? கையையாவது பிடிக்க வேண்டாமா? அதே கடை முகம். வேறு கலர் காட்டட்டுமா என்று கேட்பதுபோலத் தயிர்சாதம் போதுமா என்கிறார். அன்றைக்கு எனக்குள் ஏதோ மூடிக்கொண்டது. சிகிச்சை நடந்த மாதங்கள் முழுக்க அவர் செய்யாத வேலை இல்லை, கடையில் கேட்டு மாலையில் சீக்கிரம் வர அனுமதி வாங்கிக்கொண்டார், வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவினார், சாதத்தைக் குழைத்தார். எல்லாம் சரி. ஆனால் ஒரு நாளாவது கண் கலங்கி நான் பார்க்கவில்லை. எனக்கு வேலைக்காரர் வேண்டியிருக்கவில்லை. என்னோடு சேர்ந்து பயப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நானே பெட்ரோல் பங்குக்குப் போய் கார் டேங்கை வாய்வரை நிரப்பினேன். ஊருக்குப் போகும் முன் அரிசிப் பானையை நிரப்பி வைப்பார்களே, அப்படி ஒரு பழக்கம் எனக்கு. திரும்பி வந்து சாவியை இவர் கையில் கொடுத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பது எப்படி, சாவியைத் திருப்புவது எப்படி என்று பாடம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் கொஞ்ச நேரம் வண்டியை ஓட விடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும் என்றேன். நான் நடத்திய பாடங்களிலேயே இதைத்தான் மாணவர் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்.

இடது பக்கம் ஆபரேஷன் என்பதால் இடது கையைத் தூக்க முடியவில்லை. நம் ஊரில் கியர் போடுவது அந்தக் கையால்தான். வண்டி ஓட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, கதிர் சிகிச்சை நடந்தது. அதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. பட்டவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது. எங்கள் இரண்டு அறை வீட்டில் எப்போதும் ஆள் இருந்தார்கள். என் அம்மா ஒரு மாதம், அவருடைய அக்கா ஒரு மாதம் என்று முறைவைத்து வந்து தங்கினார்கள். பார்க்க வருபவர்கள் ஆப்பிளோடு வந்து, தெரிந்தவர் யாருக்கோ இதே வியாதி வந்த கதையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் சாயங்காலங்களில் அவ்வப்போது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்குவார். மே மாதத்தில் நடந்துவிட்டு வந்தவரின் சட்டை கொஞ்சமும் நனைந்திருக்காது. நடந்தீர்களா, நடந்த மாதிரி நினைத்துக்கொண்டீர்களா என்று கேட்பேன். அந்த முகத்தோடு சிரிப்பார். டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்தபோதெல்லாம் கோபம் வரும்.

பத்து மாதம் போனது. கை மெல்ல மேலே வந்தது. சுவரில் விரலால் ஏறி ஏறிப் பயிற்சி செய்தேன், நாற்காலியில் உட்கார்ந்து வெறும் காற்றில் கியர் போட்டுப் பழகினேன். இனி ஓட்டலாம் என்று சொன்னார்கள். அடுத்த வாரமே முதல் மறுபரிசோதனை. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, முடிவைக் கேட்கப் போக வேண்டும். மிச்சம் மீதி இருக்கிறதா, வேறெங்காவது போய்விட்டதா என்று அன்றைக்குத்தான் தெரியும்.

அன்று டாக்டர் நல்ல செய்திதான் சொன்னாள். கடைசிவரை இழுத்து உங்களைப் பதற வைக்க எனக்கு விருப்பமில்லை, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின சில மணி நேரத்தைப் பற்றி.

நான் ஒரு முடிவு எடுத்திருந்தேன். அன்றைக்கு என் காரை நானே ஓட்டிக்கொண்டு, தனியாகப் போவது. பத்து மாதமாக ஆட்டோவின் பின்சீட்டில் ஒரு மூட்டையைப் போலப் போய் வந்திருந்தேன். எந்தச் செய்தியாக இருந்தாலும் அதை ஒரு மூட்டையாக உட்கார்ந்து கேட்க முடியாது என்று தோன்றியது. அதைவிட முக்கியமாக, கேட்கும்போது பக்கத்தில் அந்த முகம் இருக்கக் கூடாது. கெட்ட செய்தி வந்து, வெளியே வந்து, இவர் மறுபடியும் தயிர்சாதம் என்று ஆரம்பித்தால் அதோடு இந்தக் குடித்தனமே முடிந்துவிடும் என்று பயந்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அப்படித்தான் இருந்தேன். "நான் தனியாப் போறேன், நீங்க கடைக்குப் போங்க" என்று சொன்னேன். சரி என்றார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

அன்று காலை பருத்திப் புடவை கட்டிக்கொண்டு, முளைத்துக்கொண்டிருந்த அரை அங்குல முடியைச் சீவுவதுபோலப் பாவனை செய்துவிட்டுக் கீழே இறங்கினேன். இவரும் கடைக்குக் கிளம்பாமல் பின்னாலேயே வந்து நின்றார். கார் பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வண்டி முனகியது. மறுபடி திருப்பினேன். இருமியது, வெள்ளையாக ஒரு புகை விட்டது, அடங்கிவிட்டது. எத்தனை தடவை திருப்பினேனோ தெரியாது. இந்த ஒன்றைத்தானே கேட்டேன், இந்த ஒரு நாளைத்தானே கேட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பார்த்துக் கத்தவேண்டும் போல இருந்தது.

ஜன்னல் பக்கம் வந்து இவர் மெதுவாகச் சொன்னார், நேற்று சாயங்காலம் வண்டிக்கு ஒரு மருந்து ஊற்றினேன் என்று.

கடையில் யாரோ சொன்னார்களாம், ரொம்ப நாள் நின்ற வண்டிக்குப் பெட்ரோல் டேங்கில் ஊற்ற ஒரு மருந்து விற்கிறது, ஊற்றினால் உள்ளே இருக்கிற அழுக்கெல்லாம் போய்ப் புது வண்டி மாதிரி ஓடும் என்று. மவுண்ட் ரோடு பக்கம் தேடி அலைந்து வாங்கியிருக்கிறார். நான் முதல் தடவையாக ஓட்டப் போகிறேன், நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்று. ஒரு பாட்டில் போதும் என்றார்களாம். இவர் யார்? நாலு விரல் விட்டு வெட்டுகிறவர். இரண்டு பாட்டிலை ஊற்றியிருக்கிறார்.

காலி பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும்போது ஒரு பாட்டில் ஊற்றவும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அப்போதுதான் எதிரில் இருந்த பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். ஆத்திரத்தில் அதுவரை கண்ணில் படவில்லை. முள் அடியில் படுத்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொட்டுப் பெட்ரோல் கிடையாது.

வாய்வரை நிரப்பிய டேங்க். பத்து மாதத்தில் இந்த வண்டி பார்க்கிங்கை விட்டு ஒரு அடி நகரவில்லை. பெட்ரோல் எங்கே போயிற்று? இவரைக் கேட்டேன். தெரியவில்லையே என்று தரையைப் பார்த்தார். மெக்கானிக் போனை எடுக்கவில்லை, நானே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி, பதிலுக்குக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்து லஸ் பக்கம் போய்விட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் நோயாளி, ஓட்டத் தெரியாத ஆண்பிள்ளை, நிற்கிற வண்டி. யாரோ குழாய் விட்டு உறிஞ்சியிருக்கிறார்கள். வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். பட்டினப்பாக்கத்துக்காரர், எங்கள் வயசுதான் இருக்கும், நாங்கள் குடிவந்த நாளிலிருந்து இருக்கிறவர். அவரை ஒன்பதாம் வகுப்புக் கடைசிப் பெஞ்சைக் கேட்பதுபோலக் கேட்டேன். நீங்கள் இருக்கும்போது டேங்க் எப்படிக் காலியாகும், யார் எடுத்தது, உங்களுக்குத் தெரியாமல் நடக்குமா என்று. நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. கேட் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"பெட்ரோல யாரும் எடுக்கல மேடம். சார்தான் வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சிகினு உள்ள குந்தினு இருப்பாரு. ஏசி ஓடிகினே இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் ஓட விடச் சொன்னது நான்தான், அதில் ஒரு டேங்க் காலியாகாது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லையாம். சாயங்காலங்களில் அடிக்கடி. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ரொம்ப நேரம். ஏதோ பேசிக்கொண்டே இருப்பாராம், போனில் பேசுகிறார் என்று வாட்ச்மேன் முதலில் நினைத்திருக்கிறார். நானும் ஒரு வினாடி அப்படித்தான் நினைத்தேன், யாரோடு அப்படி என்ன பேச்சு என்று. மனசு எப்போதும் கோணலாகத்தான் முதல் அடி வைக்கும்.

"அப்பால கண்ணத் தொடச்சிக்குவாரு. அழுதுகினு கீறாருன்னு புரிஞ்சுபோச்சு. அதான் நான் அந்தாண்ட போமாட்டேன். அழுவுற மனுசன்கிட்ட போய் இன்னான்னு கேக்கறது?"

காரில் திரும்பப் போய் உட்கார்ந்தேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. தலைக்கு மேலே மூன்றாவது மாடியில் நான் படுத்திருந்த அறை. அதற்கு நேர் கீழேதான் இந்தப் பார்க்கிங். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, கல் மனசுக்காரர், டீக்கடையில் பேப்பர் படிக்கிறார் என்று மனசுக்குள் வைதுகொண்டிருந்த சாயங்காலங்களில் அவர் இங்கே இருந்திருக்கிறார். அவர் எங்கே போய் அழுவார்? ஒரு அறையில் நான், இன்னொரு அறையில் என் அம்மா அல்லது அவர் அக்கா. கடையில் நாள் முழுக்க வெள்ளை விரிப்பு. இத்தனை பெரிய ஊரில் ஒரு மனிதன் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு இடம் வேண்டுமென்றால் நிறுத்திவைத்த கார்தான் கிடைக்கிறது. வாய்வரை நிரப்பிய ஒரு டேங்க் பெட்ரோலையும் கொஞ்சம் கொஞ்சமாக அழுதே தீர்த்திருக்கிறார். நான் பாடம் எடுத்தபோது முள்ளைப் பார்க்கச் சொல்லித்தரவில்லை. அது இறங்குகிறதா ஏறுகிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பொறாமையாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காரின் மேல் பொறாமையாக இருந்தது.

இவருக்குப் போன் செய்து, வரும்போது பெட்ரோல் வாங்கி வாருங்கள் என்றேன். மெக்கானிக் ஒரு கேனோடு வந்து இறங்கினார், பின்னால் இவர். மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "பெட்ரோல் எங்க மேடம் கீது, பூரா மருந்துதான் கீது. சோறே போடாம வெறும் மாத்திரையக் குடுத்தா ஒடம்பு தாங்குமா?" இவர் குற்றவாளியைப் போல நின்றார். மெக்கானிக்குக்கும் ஒன்றும் உடனே பிடிபடவில்லை. பெட்ரோலை ஊற்றினார், வண்டி கிளம்பவில்லை. வடிகட்டி அடைத்திருக்கும் என்று எதையோ கழற்றினார், அது இல்லை. பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. இவர் இரண்டு தடவை வந்து, ஆட்டோ கூப்பிடட்டுமா, நேரமாகிறதே என்று கேட்டார். வேண்டாம், இதில்தான் போவேன் என்றேன். எங்கள் டாக்டர் சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை என்கிற தைரியம் ஒரு பக்கம். இந்த வண்டியை விட்டு இறங்கினால் இன்று நான் ஒரு காரியத்துக்கும் லாயக்கில்லை என்கிற பிடிவாதம் இன்னொரு பக்கம்.

கடைசியில் மெக்கானிக் கை காட்டினார். சாவியைத் திருப்பினேன். இருமியது, தும்மியது, பார்க்கிங் முழுக்க வெள்ளைப் புகை பரவியது, முதல் மாடியில் யாரோ ஜன்னலைப் படாரென்று சாத்தினார்கள். பிறகு சத்தம் ஒரு சீருக்கு வந்தது. கால் அடியில் அந்த அதிர்வை உணர்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இடது கையை எடுத்துக் கியரின் மேல் வைத்தேன். வலித்தது. ஆனால் கியர் விழுந்தது.

இவர் கேட்டைத் திறக்கப் போனார். நான் குனிந்து இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டு, ஏறுங்கள் என்றேன்.

"தனியாப் போறேன்னு சொன்னியே" என்றார்.

சொன்னேன், இப்போது ஏறுங்கள் என்றேன். ஏறிக்கொண்டார்.

மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப்போட்டிருந்த சாலையில், தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து, பின்னால் ஹாரன் அடித்த ஒவ்வொருவரையும் மனசுக்குள் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்துவிட்டு, அடையாறு பாலத்தைத் தாண்டினேன். ஆறு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. சாதாரணமாக இந்தப் பாலம் வரும்போது இவர் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். வீட்டில் வாயைத் திறக்காத மனிதர் கார் ஓட ஆரம்பித்தால் பேசுவார், எப்போதுமே அப்படித்தான். கடையில் நடந்தது, ஊரில் பங்காளிச் சண்டை, பெண்ணுக்கு நல்ல புடவை வாங்கிக் கொடுக்க முடியாமல் எழுந்து போன ஒரு அப்பாவின் முகம், எல்லாம் எனக்குக் கார்ப் பேச்சாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. நான் சாலையைப் பார்த்தபடி கேட்பேன். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஒரு தூணை ஒட்டி நிறுத்தினேன். அவர் கதவைத் திறக்கக் கை வைத்தார். கொஞ்ச நேரம் இருங்கள் என்றேன். எஞ்சினை அணைக்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எதையோ கேட்டேன். என் சீட்டை எனக்கு ஏற்ற மாதிரி நன்றாக முன்னால் இழுத்து வைத்திருப்பேன். இவர் நெட்டையானவர். இத்தனை முன்னால் இருக்கிற சீட்டில் எப்படி உட்கார்ந்தீர்கள், முட்டி இடிக்கவில்லையா என்று கேட்டேன்.

எந்தச் சீட்டில் என்றார். வாட்ச்மேன் சொல்லிவிட்டார் என்றேன்.

ரொம்ப நேரம் எதிரில் இருந்த சுவரையே பார்த்தார். அந்த முகம் அப்போதும் மாறவில்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. இத்தனை வருஷம் நான் பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, காதைத்தான் போலிருக்கிறது.

"அதுல நான் எங்க உக்காந்தேன்? அது உன் சீட்டு. சாவியத் திருப்பிட்டு நான் இங்கனதான் உக்காருவேன்."

பிறகு எதற்கு வண்டியை ஓடவிட்டீர்கள் என்றேன்.

"ஓடுனாத்தான நீ ஓட்டுத மாதிரி இருக்கும்."

மேலே கட்டிலில் தலையில் துணி கட்டிக்கொண்டு ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருக்க, கீழே இன்னொருத்தி, முடியும் வாயுமாக, இவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சாயங்காலம் சாயங்காலமாக எங்கேயோ ஓட்டிப் போயிருக்கிறாள். இரண்டு கையும் நன்றாக இருந்தவள். சாலையைப் பார்த்தபடி காதுகொடுத்துக் கேட்டவள்.

என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன்.

"பயமா இருக்குன்னு சொல்லுவேன். வேற என்ன."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, கோபமும் கூடவே வந்தது, என் வழக்கப்படி கோபம்தான் முந்திக்கொண்டது. பத்து மாதம். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

"அத என்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

அவர் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். இதைக்கூடவா கேட்பாள் என்பதுபோல ஆச்சரியமாகப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"உன்கிட்டதான சொன்னேன்" என்றார்.